புக்கிட் ரோத்தானில் முதலிடம் யாருக்கு?

சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் செம்பனை எண்ணெய் ஆலையின் வாசம் போகாது. வேகவைத்த பழக்குலையின் அந்தக் கனத்த, எண்ணெய் கலந்த இனிப்பு வாசம்...

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் புக்கிட் ரோத்தான் பக்கம் ஓர் ஆலையின் லேப்பில் வேலை பார்த்தேன். சம்பளம் கைக்கு வந்ததும் கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறி கேசட் வாங்குகிற வயது.

லேப்பில் என்னோடு வேலை செய்தவள் செல்வராணி. எங்கள் எஸ்டேட் ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிராணியின் மகள்; யாழ்ப்பாணக் குடும்பம். பழக்குலை ஏற்றிவரும் லோரியை ஓட்டுபவன் மணி, நான் இருந்த தொழிலாளர் லயத்துக்காரன். டீ நேரத்தில் மூவரும் சேர்ந்தால் பேச்சு பாட்டைப் பற்றித்தான்.

ஒருநாள் செல்வராணி ஓர் இசைப் பத்திரிகை கொண்டுவந்தாள். லண்டனிலிருந்து அவள் அண்ணன் அனுப்பியது. விமர்சகர்கள் கூடித் தேர்ந்தெடுத்த உலகின் தலைசிறந்த நூறு ஆல்பங்கள்! ராக், ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு, எல்லாம் ஒரே வரிசையில்.

மணி விரலை வைத்து மேலிருந்து கீழே தேடிக்கொண்டே போனான். கடைசிவரை போய் நிமிர்ந்தான்.

"நம்ம பாட்டு ஒன்னுகூட இல்லியே லா!"

"அவங்க கேட்டிருக்க மாட்டாங்கடா" என்றேன்.

"கேக்காதவன் எப்புடி உலகத்துலயே பெருசுன்னு எழுதுவான்? சரி, ராக்கையும் ஜாஸையும் எந்தத் தராசுல வச்சு நிறுத்தான்? டுரியானையும் எறாலையும் பக்கத்துல வச்சு எது ருசின்னு கேக்குற மாதிரில்ல இருக்கு!"

செல்வராணி சிரித்தாள். "அவை எங்கட பாட்டைக் கேக்கேல்லைதான். நீங்கள் அவையின்ர பாட்டைக் கேட்டனீங்களோ?"

மணிக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். "கிராணி மவளுக்கு வெள்ளக்காரன் மார்க் போட்டாத்தான் பாட்டு!"

அவள் முகம் சிவந்துவிட்டது. டீ கிளாஸை அப்படியே வைத்தாள்.

"நான் ரெண்டும் கேக்கிறனான் மணி. நீங்கள் ஒண்டைத்தான் கேக்கிறியள்."

அதோடு பேச்சு நின்றது. அந்த வாரம் முழுக்க மணியின் லோரி வந்தால் அவள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. நான்தான் இருவருக்கும் நடுவில் நின்று ஒரு வழி சொன்னேன். எஸ்டேட் மண்டபத்தில் ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு கேசட். ஊர் கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிராணி வீட்டுப் பெரிய ஸ்பீக்கர்களை மணியின் லோரியிலேயே கொண்டுவந்தோம். நடுவர், பக்கத்து மலாய்க் கிராமத்து வாத்தியார் ரஹிம்; வாத்தியாரை மலாயில் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். தமிழும் தெரியாது, ஜாஸும் தெரியாது. அதனால்தான் அவரைப் பிடித்தோம்.

சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் செல்வராணியின் கேசட். பத்திரிகையின் வரிசையில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜாஸ் ஆல்பம். நான் பட்டனை அழுத்தினேன். டேப் ஓடும் உஸ்ஸ்... பிறகு ஒரு ட்ரம்பெட்.

அதுவரை ட்ரம்பெட் என்றால் எனக்கு பேண்டு வாத்தியம்தான். சத்தமாக ஊதுவதுதான் அதன் வேலை என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் ஊதியது, யாரோ நம் காதருகே வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொல்வதுபோல் இருந்தது. ஒரு சுரம்... பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது!

பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார்கள். அந்தப் புழுக்கத்தில்! அது போடுகிற கடகட சத்தம் இடைஞ்சலாம்...

ஒரு பக்கம் முடிந்து பட்டன் 'டக்' என்று எழும்பியது. யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

"மணி, உன் கேசட்டைக் குடு" என்றேன்.

"கொஞ்சம் இருடா..." அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனுடைய சினிமாப் பாட்டு. முதல் வயலின் எழும்பியதும் மண்டபம் உயிர் பெற்றது. எல்லாரும் பாடினார்கள். ஆனால் நான் பார்த்தது செல்வராணியை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல், பாட்டுக்கு நடுவில் வரும் புல்லாங்குழலைக்கூட வாய்க்குள் முனகிக்கொண்டு... மணியும் அதைப் பார்த்தான்.

முடிந்ததும் எல்லாரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டோம். மார்க் போடக் கொடுத்த காகிதம் அவர் கையில் வெறுமையாக இருந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றார் மலாயில்.

"எதை சிக்கு?"

"ரெண்டையும்."

போட்டோம். வெயில் தாழும்வரை மாற்றி மாற்றிப் போட்டோம். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை.

ஸ்பீக்கரை லோரியில் ஏற்றும்போது மணி தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் வந்தான். "நான் அன்னிக்குச் சொன்னது... மனசுல வச்சுக்காத. அந்த ஊதல் கேசட்டு, ஒரு வாரத்துக்குக் குடுக்கிறியா?"

"வச்சிருங்கோ" என்றாள். "உங்கட கேசட்டை எனக்குத் தாங்கோ."

அதன்பிறகு பல நாள் மணியின் லோரியில் பழக்குலைகள் ட்ரம்பெட் இசையோடுதான் எங்கள் ஆலைக்குள் வந்து இறங்கின.

அந்த வருடக் கடைசியில் செல்வராணி நர்சிங் படிக்க இங்கிலாந்து போனாள். மணி இப்போது கிள்ளானில், பேரப்பிள்ளைகளோடு.

இன்று கைப்பேசியைத் தட்டினால் உலகத்து ஆல்பம் எல்லாம் கிடைக்கிறது. காதில் மாட்டிக்கொண்டால், அன்று கேட்காத, ட்ரம்பெட் ஊதுபவரின் மூச்சுச் சத்தம்கூட இன்று துல்லியமாகக் கேட்கிறது. ஆச்சரியமும் அப்படியே இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஆனால் பாட்டு முடிந்து, "எப்புடி?" என்று கேட்கத் திரும்பினால்... பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.