எதிர்வீட்டுக்குப் போய்வந்த கம்ப்யூட்டர்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் மா சூ, தங்கை மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும், நீயும் கூட வா என்று கூப்பிட்டாள். ரங்கூனில் கியாக்டடாவில் எங்கள் அலுவலகம் முடிந்ததும் இருவரும் லான்மடாக் கடைத்தெருவுக்கு நடந்தோம். கடைப்பையன் பெட்டியைத் திறந்தான். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்ததும் என் வாய் தன்னால் மா சூவிடம் கேட்டுவிட்டது: “உங்க வீடு ஏ குரூப்பா, பி குரூப்பா?”

பையன் சிரித்தான். “இப்பல்லாம் யாரும் அதைக் கேக்கிறதில்லை, அக்கா. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், எத்தனை கிலோன்னுதான் கேக்கிறாங்க. பிளேன்ல கொண்டு போகணுமில்ல?”

ஊரை இரண்டாகப் பிரித்துக் கரண்ட் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஒரு குரூப்புக்கு விளக்கு எரிந்தால் மற்றதற்கு இருட்டு. நாலு மணி நேரம் அவர்களுக்கு, நாலு மணி நேரம் எங்களுக்கு. ‘அந்தக் காலம்’ என்று நான் ஆரம்பித்தாலே அம்மா சிரிப்பாள். எனக்கு வயது அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் மூன்று வருஷம் என்பது நீண்ட காலம். தெருவில் பாதிப் பேர் மாறிவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் வாங்குவதென்றால் தெரிந்தவர்கள் என்னைக் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து வராது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா தன் பெயரை மட்டும் தமிழில் எழுதுவாள், அதையும் ஏதோ கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல நிறுத்தி நிறுத்தி எழுதுவாள். என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்: எதற்கு வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது? எதற்கு என்று தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரருக்கு வேண்டியதைத்தான் வாங்கி வருவோம். பெரிய ஞானிபோலச் சொல்கிறேன். எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டரை வாங்கிய அன்று இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது நான் கணக்கியல் டிப்ளமோவில் சேர்ந்திருந்தேன். கடைசிப் பரீட்சை கம்ப்யூட்டரில். வீட்டில் பழகாமல் அதில் தேற முடியாது. தேறினால் அலுவலக வேலை. தேறாவிட்டால் ஷ்வேப்யிதாவில் தையல் ஆலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள்.

நான் தீர்மானித்து வைத்திருந்தது ஒரு பழைய லேப்டாப். கணக்கு மென்பொருளுக்குப் பெரிய வேகம் தேவையில்லை. கரண்ட் போனாலும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடினால் போதும். கையிலிருந்த காசுக்கு அதுதான் சரி.

அப்பா என்னை விடியற்காலையிலேயே கிளப்பினார். முதல் வியாபாரத்துக்கு வருகிற ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று முழுக்கக் கடை படுத்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. அதனால் முதல் ஆளுக்கு விலையைக் குறைப்பார்கள். நாங்கள் போனபோது கடை ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. அப்பா குனிந்து உள்ளே போனார். கடைக்காரம்மா டாவ் சான், முகத்தில் பூசிய தனக்கா மரப்பட்டை விழுது இன்னும் காயாமல், எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் நல்ல பெண்மணி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் நினைத்த மாதிரியே ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். அப்பா அதை ஒரு கையால் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“என்ன புள்ள இது, ஒரு கையிலே வருது?”

“அதுக்குத்தாம்பா லேப்டாப்பு.”

“இவ்வளவு காசைக் கொடுத்து காத்தையா வாங்கறது? சரக்குன்னா கனம் இருக்கணும். கனம் இல்லாத பெட்டியிலே உள்ளே ஒண்ணும் இருக்காது. நான் எத்தனை பெட்டி தூக்கியிருக்கேன்.”

அவர் கண் மூலையில் நின்ற மேசைக் கம்ப்யூட்டர் மேல் இருந்தது. கறுப்புப் பெட்டி, முன்பக்கம் நீல விளக்கு, ஜன்னல் அளவுக்குத் திரை. அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

“கரண்ட் இல்லாட்டி ஓடாதுப்பா.”

“கரண்ட் வரும். இது வீட்டிலே நிக்கும். வர்றவன் போறவன் பார்ப்பான், முத்து மக படிக்கிறான்னு.”

டாவ் சானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பாவமாகப் பார்த்தார். வேறொரு நேரமாக இருந்தால் அப்பாவிடம் எடுத்துச் சொல்லியிருப்பார். முதல் வியாபாரத்தில் யாரும் ஆளோடு வாதம் பண்ண மாட்டார்கள். விலையைக் குறைத்து, வாங்கிய நோட்டுக்கட்டால் கடையிலிருந்த மற்றப் பெட்டிகளை எல்லாம் தட்டிவிட்டு வந்தார், அவையும் விற்கட்டும் என்று. நான் விரும்பிய லேப்டாப்பையும் தட்டினார்.

நான் ஏன் அங்கேயே பிடிவாதம் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் வகுப்பு விட்டு வந்து உட்காரும் சாயங்காலம்தான் எங்கள் பக்கத்துக்கு இருட்டு நேரம். குறுக்கே சின்னத் தெரு, பத்து எட்டு வைத்தால் எதிர்ச்சாரி. அவர்கள் வேறு குரூப். அங்கே காற்றாடி சுற்றும். இங்கே நான் இருட்டில் நீல விளக்கு எரியாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் அப்பா அதைப் பார்த்தார். அடுத்த நாள் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தார், பெட்டியைத் தூக்கி அதன் மேல் ஏற்றினார்.

“வா. ஹமீது பாய் வீட்டுக்கு.”

எதிர்வீட்டு ஹமீது மாமா லான்மடாவில் குடை விற்பவர். அவரும் மாமியும் மட்டும் அந்த வீட்டில். மகன் மலேசியாவில். நாங்கள் வாசலில் போய் நின்ற கோலத்தைப் பார்த்து மாமி வாயில் கை வைத்துக்கொண்டார். அப்பா தோளில் பெட்டி, அம்மா கையில் போர்வை சுற்றிய திரை, நான் கழுத்தில் வயர்களை மாலையாகப் போட்டுக்கொண்டு.

“யா அல்லா, வீடு மாறி வர்றீங்களா முத்து?”

“பொண்ணு படிக்கணும் மாமி. நாலு மணி நேரம்.”

மாமி உடனே உள்ளே திரும்பினார். சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்துத் தரையில் வைத்தார். “நீ படி கண்ணு. சோறு தரையிலே உக்காந்தாலும் உள்ளே இறங்கும்.” அன்றிலிருந்து அவர்கள் பாயில்தான் சாப்பிட்டார்கள். நான் வரவு செலவு பதிந்துகொண்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் அவர்கள் ஆணம் என்று சொல்லும் மீன்குழம்பு மணக்கும்.

பெட்டி தினம் சாயங்காலம் போகும், படிப்பு முடிந்ததும் திரும்பி வரும். இரவு பெட்டி தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பாக இருந்தார். முனையில் வெற்றிலைக்கடை பெரியசாமி அண்ணனுக்கு அது தினசரி வேடிக்கை.

“என்ன முத்து, சாமி இன்னிக்கு எந்தப் பக்கம் புறப்பாடு?”

“கரண்ட் இருக்கிற பக்கம்.”

“பிரசாதம் உண்டா?”

“பொண்ணு பாஸ் பண்ணட்டும், தர்றேன்.”

எனக்கு வெட்கமாக இருக்கும். தெருவில் என் வயதுப் பெண்கள் ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரம் அது. தலையைக் குனிந்துகொண்டு வயரைப் பிடித்தபடி நடப்பேன். லேப்டாப்பாக இருந்தால் ஒரு பைக்குள் அடங்கியிருக்கும் என்று ஒவ்வொரு எட்டிலும் நினைப்பேன். இப்போது அந்தப் பத்து எட்டை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

மழை பிடித்தது. ரங்கூன் மழை தெரியுமல்லவா, பாசி படியாத கல் கிடையாது. மாமா கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். நடுத்தெருவில் அப்பாவின் கால் வழுக்கியது. அவர் முன்னால் விழுந்திருக்கலாம், கையை ஊன்றியிருக்கலாம். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தார்.

“பெட்டி எப்படி இருக்கு?” அதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

பெட்டிக்கு ஒன்றும் இல்லை. அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. மாமாவும் பெரியசாமி அண்ணனும் தூக்கி மாமி வீட்டுக்குள்ளேயே கிடத்தினார்கள். மாமி எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டினார். “உனக்கு மூளை இருக்கா முத்து? இதைத் தினமும் கொண்டு போய்க் கொண்டு வரணுமா? இங்கேயே கிடக்கட்டுமே. திருடிக்கிட்டா போவோம்?”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “சரி, மாமி” என்றார்.

வர்றவன் போறவன் பார்க்க வேண்டும் என்று வாங்கிய பெட்டி அன்று முதல் எதிர்வீட்டில் நின்றது. மாமி அதற்குப் பூ வேலை செய்த துணி ஒன்று தைத்துப் போட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்பதற்கு முன்பே, “நம்மளுது இல்லை, முத்து மகளுது. கணக்குப் படிக்குது” என்பார். அதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். இடுப்பு தேறியது, மூட்டை தூக்குகிற அளவுக்குத் தேறவில்லை. துறைமுகத்துக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை.

நான் தேறினேன். கியாக்டடாவில் வேலை கிடைத்தது. முதல் வருஷச் சேமிப்பில் என் தேவைக்கும் என் கைக்கும் பொருந்திய லேப்டாப்பை நானே தேடி வாங்கினேன். பேட்டரி, எடை, வேகம், விலை எதிலும் குறை சொல்ல முடியாது. அப்பா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். இந்த முறை கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாயிருக்கு” என்று மெல்ல வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் எதிர்வீட்டுக்குப் போக வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. போகக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் அலுப்பு, கையில் லேப்டாப், இருட்டில்கூட ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது மாமி கேட்டார், “என்ன கண்ணு, வர்றதேயில்லை? மேசையிலே நான் இன்னும் தட்டு எதுவும் வைக்கிறதில்லை.”

“இப்ப பேட்டரி இருக்கு மாமி.”

“அப்ப சரி” என்றார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அதற்குமேல் அவர் என்ன கேட்க முடியும்?

மகன் கூப்பிட்டு அவர்கள் இருவரும் மலேசியாவுக்குப் புறப்பட்ட வாரத்தில் மாமாவும் அம்மாவும் சேர்ந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் தெருவைத் தாண்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா தாங்கித் தாங்கிக் கூடவே நடந்தார், தூக்க விடவில்லை அவரை. பெரியசாமி அண்ணன் அதற்கு முன்பே கடையை யாருக்கோ விட்டுவிட்டு மாண்டலே பக்கம் போயிருந்தார். பெட்டி எங்கள் முன்னறையில் நிற்கிறது. வர்றவர்கள் பார்க்கலாம், வருவதற்குத்தான் ஆள் குறைவு.

குரூப் கணக்கு போனாலும் சில சாயங்காலம் எங்கள் பக்கம் கரண்ட் போகிறது, எனக்குத்தான் இப்போது தெரிவதே இல்லை. அம்மா வந்து சொன்னால்தான் தலை நிமிர்வேன். அப்படி நிமிரும்போது சில நாள் ஜன்னல் வழியே எதிர்ச்சாரி தெரியும். வரிசையாக எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், மாமி வீட்டில் மட்டும் எரியாது.