பங்கஜவல்லி எழுதிக்கொண்ட பெயர்

காரைக்காலில் ஒரு காவல் நிலையத்தில், பெண்களை வைக்கும் லாக்கப்பின் சாவி பதினோரு வருஷமாகத் தலைமைக் காவலர் பங்கஜவல்லியிடம்தான் இருக்கிறது. ஏட்டம்மா என்றால் அங்கே அவர்தான். கைதாகி வருகிற பெண்ணை முதலில் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். பிறகு மறைப்புக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதனை போடுவார். சேஃப்டி பின், கண்ணாடி வளையல், கொலுசு, துப்பட்டா என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி வாங்கி, துணிப்பையில் போட்டுச் சீட்டு ஒட்டுவார். உடம்பில் இருக்கிற தழும்பு, மச்சம், புதுக்காயம் எல்லாம் நோட்டில் ஏறும். வீட்டாருக்குப் போன் செய்வது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுவது, சாப்பாடு வாங்கிக் கொடுப்பது, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

இன்னொரு வேலையும் உண்டு. கடற்கரையில் அடையாளம் தெரியாத பெண் பிணம் ஒதுங்கினால், காணாமல் போனவர்களின் உறவினரைப் பிணவறைக்கு அழைத்துப்போய்க் காட்டுவது. ஆண் காவலர்கள் அதைச் செய்யத் தயங்குவார்கள். பங்கஜவல்லி தயங்கியதில்லை.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் திருநள்ளாற்றிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பத்துநாலு வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் நளன் குளத்தில் முழுகுகிறவர்கள் உடுத்திய துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டு மாற்றுத்துணி கட்டிக்கொண்டு போவது வழக்கம். இவளும் அப்படித்தான் துணியை விட்டிருக்கிறாள். படியில் வைத்திருந்த இவளுடைய மாற்றுத்துணிப் பையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். போனும் அடையாள அட்டையும் அதில்தான் இருந்தன. உள்பாவாடையோடு நின்றவள், வேறு வழியில்லாமல் கரையில் குவிந்துகிடந்த துணியிலிருந்து யாரோ கழித்துப்போட்ட சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். அந்தக் குவியலுக்குள் வெளியூர் பக்தர் ஒருவரின் கைப்பை கிடந்திருக்கிறது. திருட வந்தவள் என்று பிடித்துவிட்டார்கள்.

பங்கஜவல்லி வழக்கம்போல எழுதினார். பெயர் மதிவதனி. ஊர் சுரக்குடி. கட்டிக்கொடுத்த ஊர் வரிச்சிக்குடி. இப்போது இருப்பது திருப்பூர், பனியன் கம்பெனி வேலை. இடது புறங்காலில் அரிவாள் பட்ட தழும்பு, இரண்டு அங்குலம்.

எதற்காகத் திருநள்ளாறு வந்தாய் என்று கேட்டதற்கு, ஏழு வருஷம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போவதாகவும், பீடையெல்லாம் கழித்துவிட்டு வீட்டுக்குள் நுழையலாம் என்று நினைத்ததாகவும் சொன்னாள். அவள் அழவில்லை. அண்ணன் முத்தையனின் போன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள்.

பங்கஜவல்லி அந்த நம்பருக்குப் போன் செய்தார். தன் பெயரையும் நிலையத்தையும் சொல்லி, உங்கள் தங்கை மதிவதனியை இங்கே வைத்திருக்கிறோம், யாராவது வாருங்கள் என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் துண்டிக்கப்பட்டதோ என்று பார்த்தார். இல்லை, மூச்சு விடுவது கேட்டது.

"மேடம், அவ செத்து ஏழு வருஷமாச்சுங்க," என்றான் முத்தையன். "நீங்கதான வந்து காட்டுனீங்க."

பங்கஜவல்லி திரும்பிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் அவள் சுவரோரம் உட்கார்ந்து, யாரோ கழித்துப்போட்ட அந்தச் சேலையின் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

கஜா புயல் அடித்து இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் உடல் கரை ஒதுங்கியது. முகம் இல்லை, மீன் தின்றிருந்தது. வரிச்சிக்குடியில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போன பெண்ணைக் காணவில்லை என்று அப்போது ஒரு புகார் இருந்தது. அந்தப் பெண்ணின் தாய் காசியம்மாவைப் பிணவறைக்கு அழைத்துப்போனவர் பங்கஜவல்லி. காசியம்மா துணியைப் பார்த்தார், தெரியவில்லை என்றார். கையைப் பார்த்தார், தெரியவில்லை என்றார். புயலுக்குப் பிறகு பிணவறையில் இடமில்லாத சமயம். அன்று பங்கஜவல்லிக்கு இரண்டு நாளாகத் தூக்கமும் இல்லை. நல்லா பாருங்கம்மா, நீங்க சொன்னாதான் நாங்க அடுத்த வேலையப் பாக்க முடியும் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். கடைசியில் காசியம்மா காலைப் பார்த்தார். இடது புறங்காலில் ஒரு வெட்டு இருந்தது. கதிர் அறுக்கிறப்ப அருவா பட்டதுதான், எம்பொண்ணுதான் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இது ஞாபகம் வந்ததும் பங்கஜவல்லி பதிவேட்டு அறைக்குப் போய் அந்த வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தார். பக்கம் கிடைத்தது. இடது புறங்காலில் அரிவாள் பட்ட தழும்பு, இரண்டு அங்குலம். இன்று காலை எழுதியதும் அதே கையெழுத்து, அதே சொற்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் படித்தார். அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் புழுக்கம் தாங்கவில்லை என்று பின்னால் சொன்னார்.

நாலு மணிக்கு முத்தையனும் காசியம்மாவும் வந்தார்கள். முத்தையன் கேட்டைத் தாண்டவில்லை. ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கப் போன பங்கஜவல்லியிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னான். தங்கை செத்த மறு வருஷம் ஒரு நாள் அவனுக்குப் போன் வந்ததாம். அண்ணே என்றதாம் அவள் குரல். கட் பண்ணிவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தானாம். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லையாம்.

காசியம்மா மட்டும் உள்ளே வந்தார். கம்பிக்குப் பின்னால் மதிவதனி எழுந்து நின்று, அம்மா என்று கூப்பிட்டாள். காசியம்மாவின் பார்வை அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில் நின்றது. அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பங்கஜவல்லியிடம் திரும்பினார்.

"இந்த ரூம்ல ஆள் இருக்காங்களா?"

"உங்க முன்னாலதானம்மா நிக்கிறா," என்றார் பங்கஜவல்லி.

"எம்பொண்ண நீங்க காட்டுனீங்க. பாத்தேன். நெருப்பு வச்சு, பதினாறும் முடிச்சாச்சு." காசியம்மாவின் குரலில் கோபம் இல்லை. விவரம் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்கிற குரல்தான் அது.

திரும்பிப் போகும்போது வாசல் குழாயைத் திறந்து காலைக் கழுவினார். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துத் தலையிலும் தெளித்துக்கொண்டார். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் செய்கிறபடியே செய்துவிட்டு, மகனின் வண்டியில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகுதான் பங்கஜவல்லி மதிவதனிக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு அதுவரை தான் இறந்துபோனதே தெரியாது. அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடியவள். ஆள் எடுக்க வந்த ஏஜெண்டோடு திருப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு தடவை அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் வைத்துவிட்டதும், நம் மேல் அவ்வளவு வெறுப்பு என்று நினைத்து அதோடு விட்டுவிட்டாள்.

 மதிவதனி கம்பியை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எனக்கு யாரு கொள்ளி வச்சா?"

 ரெண்டு வீட்டாருக்கும் தகராறு வரக்கூடும் என்று அன்று காவலுக்குச் சுடுகாடு வரை போனவர் பங்கஜவல்லி. உன் வீட்டுக்காரர்தான் என்றார். அழுதாரா என்று கேட்டாள். அழுதார் என்றார். என்ன சேலை போட்டாங்க, யார் யார் வந்தாங்க, மழை பெஞ்சிச்சா, சீக்கிரம் எரிஞ்சிச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பங்கஜவல்லி தெரிந்ததை எல்லாம் சொன்னார். மழைக்காலம், கட்டை ஈரம், ராத்திரி வரைக்கும் வேகவில்லை என்பதையும் சொன்னார். மதிவதனி தலையை ஆட்டினாள். திருப்பூர் போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பகலெல்லாம் உடம்பு எரிந்து, பாயில் கிடந்த தன் மேல் நான்கு பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றினார்கள் என்றாள். என்ன தேதி என்று பங்கஜவல்லி கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காசியம்மா மறுபடி வந்தார், தனியாக. கையில் டிபன் கேரியரும் சுருட்டிய வாழை இலையும். வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை ஏட்டு தின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். சோறு, மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், ரெண்டு வடை. பங்கஜவல்லி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்தார். கருவாட்டுக் குழம்பில் அவளுக்கு உசிர் என்று காசியம்மா சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

கம்பிக்கு வெளியே தரையைத் துடைத்து இலையை விரித்துப் பரிமாறினார். தண்ணீர் வைத்தார். பிறகு எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். படையல் வைத்துவிட்டு, இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பார்களே, அப்படி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மதிவதனி அம்மாவின் முதுகையே பார்த்தாள். கம்பிக்கு அடியில் கையை விட்டு இலையை மெல்ல இழுத்தாள். அந்தக் காலை நேரத்தில் நிலையத்தில் வேறு சத்தம் இல்லை. அவள் சோற்றைப் பிசைவதும், மெல்லுவதும், தண்ணீர் குடிப்பதும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் காசியம்மாவின் தோள் லேசாக அசைந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு அவர் திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை. காலியான இலையைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம்.

"அமாவாசைக்கு அமாவாசை வைக்கிறேன். காக்காதான் எடுக்கும்," என்று பங்கஜவல்லியிடம் சொன்னார். "இன்னிக்குத்தான் அவ வந்து சாப்புட்டுருக்கா."

இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் இருந்த அத்தனை நிம்மதியை வேறு எந்தத் தாயிடமும் பார்த்ததில்லை என்கிறார் பங்கஜவல்லி. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்று பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்தினார்கள். அந்தக் கைப்பைக்குச் சொந்தமான பக்தர், பொருள் எல்லாம் அப்படியே இருந்ததால் தனக்குப் புகார் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். சொந்த ஜாமீனில் மதிவதனியை விட்டார்கள். தன்னுடைய பழைய சேலை ஒன்றைப் பங்கஜவல்லி அவளுக்குக் கொடுத்து, தெரிந்த ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, உதவி ஆய்வாளர் சிவப்ரியா வந்ததும், இரண்டு நோட்டையும் அவர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னார். சிவப்ரியா வயதில் பங்கஜவல்லியின் மகளைப் போன்றவர். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப எரிச்சது யாரைங்க?"

ஏழு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. பங்கஜவல்லி உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். தாய் இரண்டு தரம் தெரியவில்லை என்றதையும், தான் அவசரப்படுத்தியதையும் மறைக்காமல் எழுதினார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் இருக்கும்போது பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. அவர் அதை மறுத்து எழுதவில்லை. சாம்பலைக் கடலில் கரைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது நாலு புகைப்படமும், கட்டியிருந்த துணியைப் பற்றிய ஒரு வரியும்தான். அவற்றைச் சுற்றுவட்டார நிலையங்களுக்கு அனுப்பினார்கள். இதுவரை மூன்று குடும்பங்கள் வந்து பார்த்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் படத்தை நீட்டுகிறவர் பங்கஜவல்லி. நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் தள்ளி நின்றுகொள்வார். மூன்று குடும்பமும் இல்லை என்றுதான் சொல்லிப் போயின. அந்தப் பெண் யார் என்று இன்னும் தெரியவில்லை.

மதிவதனி திருப்பூருக்குத் திரும்பவில்லை. காரைக்காலிலேயே ஒரு லாட்ஜில் படுக்கைவிரிப்பு துவைக்கும் வேலையில் இருக்கிறாள். ஆதார் மையத்தில் விரலை வைத்தபோது அது அவள்தான் என்று இயந்திரம் உடனே சொல்லிவிட்டது. இறப்புச் சான்றிதழை ரத்து செய்யத் தாயின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். காசியம்மா கையெழுத்துப் போட மறுக்கிறார். ஆனால் ஒவ்வொரு அமாவாசையும் மத்தியானம் கேரியரோடு லாட்ஜின் பின்வாசலுக்கு வந்துவிடுகிறார். இலையை விரித்துப் பரிமாறிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார்.

"கஷ்டமா இல்லியா உனக்கு?" என்று ஒரு நாள் பங்கஜவல்லி அவளைக் கேட்டார்.

"சோறு சூடா இருக்கு ஏட்டம்மா," என்றாள் மதிவதனி. "இப்பல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டே பேசுறாங்க. வீட்ல என்ன விசேஷம், யாருக்குப் புள்ள பொறந்துருக்குன்னு. செத்தவங்ககிட்ட சொல்ற மாதிரிதான். கேட்டுக்குவேன்."

வாரம் ஒரு நாள் அவள் சுரக்குடிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஊரில் இறங்காமல் அப்படியே திரும்பி வருகிறாளாம். தெரிந்த முகங்கள் ஏறும். அவளைப் பார்த்ததும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடும். பஸ் எத்தனை நெரிசலாக இருந்தாலும் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. அவள் அங்கே தன் பையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தபடி வருவாள்.