நாற்பத்து மூவாயிரம் முறை மாலா

கார்குழலியை யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். காது நன்றாகவே கேட்கும். முதல் தடவை கூப்பிடும்போது அவள் வேறெங்காவது இருப்பாள், அவ்வளவுதான். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. முதலாளி ராஜ்கமல் நல்ல மனுஷன், சத்தம் போடத் தெரியாதவர். பின்பக்கம் மெஷின் ஒரே தாளத்தில் அட்டையை மடித்துக்கொண்டே இருக்கும். பசை காயும் வாசனை முன்னறை வரைக்கும் மிதந்து வரும். அந்த வாசனையிலும் தாளத்திலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் கார்குழலிக்குக் கண் திறந்திருக்கும்போதே தூக்கம் வந்துவிடும்.

கம்பெனிக்கு வரும் மெயில்களைப் பார்ப்பது அவள் வேலை. வருகிறதில் முக்கால்வாசி குப்பை. மற்றவர்கள் என்றால் பார்க்காமலே அழித்துவிடுவார்கள். அவள் படிப்பாள். எங்கோ ஒரு நாட்டில் தளபதியின் விதவை புதையலைப் பங்கு போட ஆள் தேடுகிறாள் என்று வந்தால், அந்த அம்மா எப்படிப்பட்ட வீட்டில் இருப்பாள், ஜன்னலுக்கு வெளியே என்ன மரம் நிற்கும் என்று யோசிப்பாள். பொய் என்று தெரியும். தெரிந்தும் அந்த மரம் அவள் மனசில் காய் வைத்துவிடும். வீட்டில் கணவர் வெற்றிவேலிடம் சொன்னால், உழவர்கரை முழுக்க உன்ன மாதிரி இன்னொருத்தி இருக்க மாட்டா என்பார். பஸ் ஓட்டுகிறவர் அவர். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாத பிழைப்பு.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் போலீசில் போய் உட்காரும்படி ஆனது மாலாவால்.

மாலா அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. இருவருடைய அப்பாக்களும் ஒரே பஞ்சாலையில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். மாலா ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீட்டில், வாழ்க்கைப்பட்டு ரெயூனியன் தீவுக்குப் போனவள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. போன் நம்பர்கள் இரண்டு பக்கமும் மாறித் தொலைந்துபோயின. மிஞ்சியது கம்பெனி மெயில் முகவரி ஒன்றுதான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் அதில் வரும். அந்த மாசி மாதம் மாலா ஒரு சாவுக் காரியத்துக்கு அவசரமாக ஊருக்கு வந்தாள். இரண்டே நாள். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குப் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன், வா என்று எழுதினாள். எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தும் இருந்தாள், ஏழு மணி வரைக்கும்.

அந்தக் கடிதம் கார்குழலிக்கு வரவே இல்லை. அந்த வாரம் ஒரே முகவரியிலிருந்து கூந்தல் எண்ணெய் விளம்பரம் மூவாயிரத்துக்கு மேல் வந்து கம்பெனியின் சின்ன மெயில் பெட்டியை அடைத்திருந்தது. மாலாவின் கடிதம் இடமில்லை என்று திரும்பிப் போய்விட்டது, சாவு வீட்டு அலைச்சலில் மாலா அதைக் கவனிக்கவில்லை. தீவுக்குத் திரும்புகிற வழியில், சென்னை விமான நிலையத்திலிருந்து மாலா மறுபடி எழுதியது மட்டும், பெட்டியைக் காலி செய்த பிறகு, திங்கட்கிழமை கிடைத்தது. கோபமே இல்லை அதில். நீ வராவிட்டாலும் கடல் நன்றாக இருந்தது, ரெண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று எழுதியிருந்தாள்.

கார்குழலி அதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கடற்காற்று அங்கேயும் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒருத்தரைத் திருப்பி அடிக்க வேண்டும் போல இருந்தது. எண்ணெய் விளம்பரம் வந்த முகவரியில் பெயர் கிடையாது. இரண்டு எழுத்தும் ஒரு வருஷமும்தான். முதலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையாலேயே பதில் அடித்தாள். பத்து, இருபது. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் வினோத்குமார் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். முப்பது வயசுக்காரன், விளையாட்டுப் புத்தி. "கையால அடிச்சி என்னிக்குக்கா முடிப்பீங்க" என்று சொல்லி, தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு விநாடிக்கு ஒரு மெயில். என்ன எழுதி அனுப்பணும் என்று கேட்டான். கெட்ட வார்த்தைதான் அவனுக்குத் தோன்றியது. கார்குழலி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு வரியை அடித்தாள்.

மாலா ரெண்டு மணி நேரம் காத்திருந்தாள்.

நான்கு நாள், காலையில் வந்ததும் அதை ஓடவிட்டு மாலையில் நிறுத்தினாள். திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தபடி வேலை செய்தாள். ஒவ்வொரு எண்ணும் ஒரு வெள்ளைப் பறவை மாதிரி எழும்பி, தொழிற்பேட்டைக் கூரைகளுக்கு மேலே பறந்து, பெயரில்லாத எவனோ ஒருவனுடைய ஜன்னலில் போய் உட்காருவதாக அவளுக்குத் தோன்றும். நான்காம் நாள் சாயந்திரம் நாற்பத்து மூவாயிரம் ஆகியிருந்தது. மனசு லேசாக இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை. அன்றைக்கு இரவு கனவே இல்லாமல் தூங்கினாள்.

மூன்று வாரம் கழித்து ராஜ்கமலுக்கு சைபர் கிரைம் போலீசிலிருந்து போன் வந்தது. உங்கள் கம்பெனி இணைப்பிலிருந்து ஒருத்தருடைய மெயிலை முடக்கியிருக்கிறார்கள் என்றார்கள். அவர் குழம்பிப்போய் ஆட்களைக் கூட்டிக் கேட்டார். இந்தத் தடவை கார்குழலி முதல் தடவையிலேயே திரும்பினாள். நான்தான் சார் என்றாள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் கவிநிலாவுக்குக் கார்குழலியின் மகள் வயசைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். கார்குழலி எல்லாவற்றையும் சொன்னாள், வினோத்குமார் பெயரைத் தவிர. புரோகிராம் யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, நானேதான் தேடிக் கத்துக்கிட்டேன் என்றாள். கவிநிலா அதை எழுதிக்கொள்ளாமல் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

பிறகுதான் கவிநிலா விஷயத்தைச் சொன்னாள். அந்த முகவரி எண்ணெய் வியாபாரியுடையது இல்லை. குருசுக்குப்பத்தில் இருக்கும் கோவிந்தசாமி என்கிற ஓய்வு பெற்ற தபால்காரருடையது. யாரோ அவருடைய பாஸ்வேர்டைத் திருடி அவர் பெயரில் விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள். என்றைக்கோ அவர் அட்டைப்பெட்டி வாங்கியபோது கம்பெனி முகவரி அவருடைய பட்டியலில் ஏறியிருக்கிறது. இப்போது மெயில் நிறுவனம் அவர் கணக்கையே பூட்டிவிட்டது.

கார்குழலி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அது அந்தத் திருடனோட மெயிலாவே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

"அப்பவும் குத்தந்தாங்க. ஒருத்தரோட மெயில வேணும்னு முடக்கறது தப்புன்னுதான் சட்டம் சொல்லுது. அவன் நல்லவனா கெட்டவனான்னு அது கேக்கறதில்ல."

"எனக்கு மூவாயிரம் அனுப்புனானே, அதுக்கு?"

"பாஸ்வேர்டத் திருடனது, அடுத்தவங்க பேர்ல அனுப்புனது, அதெல்லாம் குத்தம். ஆள் எந்த நாட்டுல இருக்கான்னே தெரியல. சும்மா வேண்டாத மெயில் அனுப்பறதுக்குன்னு மட்டும் நம்ம கிட்ட தனிச் சட்டம் இல்ல." கவிநிலா பேனாவை மூடினாள். "நீங்க கேக்கறது ஞாயம்தான். ஆனா ஞாயம் கேட்டுப் போற வழியில நீங்க ஒரு பெரியவர மிதிச்சிட்டீங்க."

கணக்கைப் பூட்டியது விளம்பரத்தாலா, கார்குழலியின் மெயில்களாலா, இரண்டும் சேர்ந்தா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் கவிநிலா சொன்னாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கார்குழலி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் அனுப்பாவிட்டாலும் பூட்டியிருப்பார்கள். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆறுதல் அங்கேயே நழுவிவிட்டது.

கோவிந்தசாமி கொடுத்த புகாருக்கு மனு ரசீது மட்டும்தான் போட்டிருந்தார்கள், வழக்குப் பதியவில்லை. மறுநாள் காலை அவள் குருசுக்குப்பம் போனாள். படகுகள் கரையேறியிருந்த நேரம். வலையின் உப்பு வாசனை தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. கோவிந்தசாமி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், முப்பத்து நான்கு வருஷம் சைக்கிள் மிதித்த கால்கள். அவள் தன் பெயரைச் சொன்னாள். செய்ததையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். "மாலா யாரும்மா?"

பூட்டுவதற்கு முன்னால் இரண்டு நாள் அவர் அந்த வரியைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். முதலில் பயம். பிறகு யார் இந்த மாலா, எங்கே காத்திருந்தாள், யாருக்காக என்று யோசிக்க ஆரம்பித்து, அது தூக்கத்திலும் வந்திருக்கிறது. கார்குழலி சொன்னாள். சொல்லும்போதுதான் அழுதாள். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவருடைய கதையும் அன்றைக்குத் தெரிந்தது. வைசியாள் வீதியிலும் துய்மா வீதியிலும் வெளிநாட்டுக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். கடிதம் வாங்கின வீடுகளில் பாதிப்பேர் பிறகு கடிதம் போட்டவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்விட்டார்கள். ஓய்வு பெற்றபின், அவர்களில் முகவரி கிடைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மெயில் எழுதுகிறார். எந்த வீட்டை இடிக்கிறார்கள், எந்தத் தெருவில் வேலை நடக்கிறது, யார் தவறிப்போனார்கள், இந்த வாரம் கடல் என்ன நிறம். பதினோரு வருஷமாக. முகவரிகள் எல்லாம் அந்த மெயிலுக்குள்தான் இருந்தன. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

"நாலு வெள்ளிக்கிழம போயிடுச்சி. செத்துட்டேன்னு நெனச்சிருப்பாங்க" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மனுவை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். கார்குழலி கேட்காமலே. அவள் அதோடு போய்விடவில்லை. மெயில் நிறுவனத்தில் யார் யாருக்கு எழுத வேண்டுமோ எழுதினாள், அவருடைய அடையாளச் சான்றுகளை அனுப்பினாள், பதில் வராதபோது மறுபடி எழுதினாள். வினோத்குமார் கம்பெனிப் பக்கமே வருவதை நிறுத்தியிருந்தான். அவனை அவள் தேடவும் இல்லை. சனிக்கிழமை காலைகளில் குருசுக்குப்பத்துக்குப் போய், பழைய காகிதக் கடிதங்களின் பின்பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்களிடம் கேட்டும் ஒவ்வொரு முகவரியாக ஒரு நோட்டில் எழுதினாள். வெற்றிவேலுக்கு முதலில் கோபம். பிறகு ஒரு சனிக்கிழமை அவரே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

இன்னும் ஐந்து வாரம் கழித்துக் கணக்கு திறந்தது. திறந்த பெட்டிக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வரிதான், மாலா ரெண்டு மணி நேரம் காத்திருந்தாள். நடுநடுவே, அரிசியில் கிடக்கிற நெல் மாதிரி, மனிதர்களின் கடிதங்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஐயா, உங்கள் பெயரில் எண்ணெய் விளம்பரம் வருகிறதே என்று பலர் எச்சரித்திருந்தார்கள். பிரான்சில் ஒரு குளிரான ஊரிலிருந்து ஒரு பாட்டியம்மா, நீங்களே சொல்வதால் நம்புகிறேன், நரைத்த முடிக்கும் அந்த எண்ணெய் கேட்குமா என்று விசாரித்திருந்தார். கோவிந்தசாமி அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். கார்குழலிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பொறுக்கப் பொறுக்கத் தன் வரியைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. நாற்பத்து மூவாயிரம் முறை சொன்னதில் மாலா எங்கோ தேய்ந்துபோய்விட்டாள் போலிருந்தது. ஒரு தடவை, சரியான ஆளிடம் சொல்லியிருந்தால் போதும்.

எழுதப்போகும் முதல் வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமே, உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கோவிந்தசாமி கேட்டார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன் என்றும் சொன்னார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போன் பண்ணி, "எழுதுங்கய்யா. பேரப் போட்டே எழுதுங்க" என்றாள்.

பதில்கள் வந்தன. சிலர் அவளை ஜெயிலில் போட்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒருத்தர், அந்தத் திருடன் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் நாலு போடுகிறேன் என்றார். அதைப் படித்தபோது கார்குழலிக்கு ஒரு நொடி பழைய மாதிரி திருப்பி அடிக்கத் தோன்றியது. இல்லை என்று சொல்ல மாட்டாள். அவன்மேல் கோபம் இன்றைக்கும் இருக்கிறது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்.

இப்போது அவளும் அந்தப் பட்டியலில் முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆள். வெள்ளிக்கிழமை மதியம், மெஷின் சத்தத்துக்கு நடுவில் கடிதம் வரும். அவள் தினம் போய்வருகிற ஊர்தான், ஆனால் தூர தேசத்தில் இருக்கிறவர்களுக்காக எழுதியது. படிக்கும்போது அவளும் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு கேட்பது மாதிரி இருக்கும். போன வாரம், ரோமன் ரோலன் வீதியில் ஒரு மஞ்சள் மதிலுக்கு மேல் போகன்வில்லா இந்த வருஷம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். கார்குழலி ராஜ்கமலிடம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனாள்.