சுவருக்கு அந்தப் பக்கம்

கரப்பானைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கிற மனிதர் என் கணவர். அவர்தான் போன குளிர்காலத்தில், நாங்கள் வந்து குடியேறிய கிரான்பர்னில், எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, எந்தக் குண்டு ஆளை நிறுத்தும் என்று என் அண்ணாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணா அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே போன பிறகு அவருக்கு இரண்டு விஷயங்களில் ஞானம் பிறந்துவிட்டது. ஒன்று இறைச்சி வாட்டுவது, மற்றது துவக்கு.

"வீட்டுக்கெண்டா சின்ன ரிவால்வர் காணும், மச்சான்," என்று போன் திரையில் அண்ணா தாடியைத் தடவினார். "ட்வென்ரி ரூ எண்ட அளவுக் குண்டு போடுறது. உதைக்காது, தங்கச்சியும் பிடிப்பாள். ஆனா சின்னக் குண்டெண்டபடியா பாத்துத்தான் எடுக்கவேணும். நுனி குழிஞ்சது உடம்புக்குள்ள விரியும், ஆழமாப் போகாது. முழு ஈயம் ஆழமாப் போகும், விரியாது."

"சுவருக்குள்ளால போகுமோ?"

"உங்கட சுவர் என்ன சுவர்?"

இவர் எழும்பிப் போய்ச் சுவரைத் தட்டினார். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் கேட்டது. இங்கே வீடுகளின் உட்சுவர் வெறும் ஜிப்ரொக் என்கிற மெல்லிய ஜிப்சம் பலகைதான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் காற்று. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, மறுபக்கம் தன் அறைக்குள் இருந்த மகளும் தட்டினாள்.

தட்ட வேண்டாம் என்று நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். இவரோ, "குழிஞ்ச நுனிதான் சரி, மச்சான்," என்றார்.

எல்லாம் பக்கத்து வீட்டில் கள்ளர் புகுந்ததில் தொடங்கியது. அது ஒரு கேரளாக் குடும்பம். ஆட்கள் வீட்டில் இருக்கும்போதே முகத்தை மூடிய பொடியன்கள் வெட்டுக்கத்தியோடு வந்து, கார்த் திறப்பையும் நகையையும் வாங்கிக்கொண்டு அந்தக் காரிலேயே போனார்கள். நம்மைப் போன்றவர்கள் தங்கத்தை வீட்டில்தான் வைப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவன் பிள்ளையின் அறை வாசலில் நின்றானாம். அந்தப் பேச்சுத்தான் இவரைப் பிடித்துக்கொண்டது. காற்றுக்குக் கராஜ் கதவு ஆடினாலும் எழும்பி நிற்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தற்காப்புக்கு என்று கேட்டால் இந்த நாட்டில் துப்பாக்கி கிடைக்காது. விளையாட்டுக்கு என்றால் கிடைக்கும். அதற்கு ஆறு மாதம் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் பழகி, அவர்களிடம் நல்ல ஆள் என்று பெயர் எடுக்க வேண்டும். இவர் போய்ச் சேர்ந்தார். அங்கே சுடும் இடத்துக்குப் பொறுப்பானவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். வீட்டைக் காக்க வந்தேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே வாசலைக் காட்டுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். இவர் தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒலிம்பிக் ஆசை என்று சொல்லிவிட்டு வந்தார். தொந்தியும் முழங்கால் நோவுமாக ஓர் ஒலிம்பிக் ஆசை.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள்," என்றேன் ஒருநாள், குசினியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டியபடி. "இப்ப அதைக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கூப்பிடுறீங்கள்."

"அப்ப அது அவங்களிட்ட இருந்தது. எங்களிட்ட இருக்கேல்லை," என்றார். "உமக்கு விளங்காது."

விளங்காமல் இல்லை. ஊரில், போர் நாட்களில், எங்கள் ஒழுங்கை முனையில் நின்ற இராணுவக்காரனின் துவக்கு என் முகத்துக்கு நேரே இருந்ததை நானும் மறக்கவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. அந்த வெள்ளைக்காரரிடம் நான் உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கட்டிய மனிதரைக் காட்டிக் கொடுத்துவிட்டு எப்படி ஒரே வீட்டில் இருப்பது? அந்த யோசனையோடு மாதங்கள் போயின. இனி இவர் சொந்தத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்தபோது, "நானும் ஒருக்கா வந்து பாக்கிறன்," என்றேன். இவர் தானாக உண்மையைச் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் காரில் ஏறினேன்.

சுடும் இடத்தில் இலக்குகளுக்குப் பின்னால் உயரமான மண் அணை இருந்தது. இவர் காரின் பின்பக்கத்திலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினார். முன்னால் வழக்கமான காகித வட்டம் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு ஜிப்ரொக் துண்டுகள், நடுவே மரச்சட்டம். எங்கள் வீட்டுச் சுவரைச் செய்து கொண்டுவந்திருக்கிறார்.

சங்கத்து ரிவால்வரில் அந்தக் குழிந்த நுனிக் குண்டைப் போட்டு ஒரே ஒரு முறை சுட்டார். பெரிய சத்தம்கூட இல்லை. பலகைக்குப் பின்னால் வெள்ளைத் தூள் பறந்தது, மண் அணையிலும் மண் உதிர்ந்தது.

பொறுப்பாளர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட்ட பிறகு மூன்று பேரும் நடந்து போனோம். முன் பலகையில் பயற்றங்கொட்டை அளவு துளை. பின் பலகையில் அதைவிடப் பெரிதாக, விளிம்பு பிய்ந்த இன்னொரு துளை. இவர் அதற்குள் சின்ன விரலை விட்டார்.

"இது என்ன பலகை?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

வீட்டில் மிஞ்சிய பலகை, இலக்கு ஒட்ட வசதியாக இருந்தது என்று இவர் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "இது என் வீட்டுச் சுவர். இதற்குப் பின்னால் என் மகள் படுக்கிறாள்."

அந்த மனிதர் பலகையிலிருந்த காகித வட்டத்தை உரித்தெடுத்தார். "இதைக் கேட்ட பிறகு உன்னை இங்கே வைத்திருக்க முடியாது. தெரியும்தானே?"

"தெரியும்," என்றார் இவர்.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இனி அவங்கள் வந்தா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"திறப்பைக் குடுப்பம். நகையைக் குடுப்பம்," என்றேன். "தாலிக்கொடியையும் நானே கழட்டிக் குடுப்பன். பிள்ளை எழும்ப முதல் அவங்கள் போயிடவேணும்."

இருபது வருசத்தில் நான் கழற்றாத கொடி. அவர் காரை ஓரம்கட்டி நிறுத்தினார்.

"அப்ப உமக்கும் பயமோ?"

"ஓம்," என்றேன். "உங்களை விட."