காலியாகத் தெரிந்த குப்பி

கமலம் மேடம் தவறிவிட்ட செய்தியை ஏற்காடு ஆய்வகத்து அட்டெண்டர் பழனி போனில் சொன்னார். "ஏனுங்க சார், உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னு தெரியுங்க. ஆனாலும் சொல்லோணும்னு தோணுச்சுங்க." குப்பனூரில் அடக்கம். போனேன்.

பழனி சொன்னது உண்மை. எனக்கு வரவேண்டிய பதவியை அவருக்குக் கொடுத்தார்கள். அதில் என் கருத்து இன்றும் மாறவில்லை. அடுத்தடுத்த மேசைகளில் நாங்கள் பேசாமல் வேலை செய்ததை, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் மருந்துக்காக, மாரமங்கலம் பக்கத்துச் செடி ஒன்றின் இலைச்சாறு, மாவுப்பண்டத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அடக்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். பன்றிக் குடல் நொதியை அடக்கியது. மனித நொதியை? மனித மரபணுவை வேறு உயிரணுக்களில் புகுத்தித் தயாரித்த அந்தப் புரதம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். மன்றாடி அனுமதி வாங்கினேன். "இதுவும் வெளங்கலீன்னா உங்க புராஜெக்டை மூடிருவேன்" என்றார் இயக்குநர்.

புரதப் பெட்டி சேலம் வந்தபோது, அதை எடுத்துவர இயக்குநர் ஆய்வக ஜீப்பைத் தரவில்லை. விடுப்பில் சேலத்தில் இருந்த மேடம், பழனி சொல்லித் தெரிந்துகொண்டு, தாமே போய் வாங்கினார். பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் மலையேறினார்.

"உள்ள ஐஸ்கிரீமுங்களா?" என்றாராம் கண்டக்டர்.

"மனுசக் குடல் சமாச்சாரமுங்க."

பக்கத்து இருக்கை ஏற்காடு வரை காலியாகவே வந்ததாம்.

பெட்டிக்குள் இருந்த சிறு குப்பியை இயக்குநர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பன்றி நொதி புட்டி நிறையத் தூளாக வரும். அதையே பார்த்துப் பழகிய எனக்கும் அது காலியாகத்தான் தெரிந்தது. "நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று அதைக் குப்பைக் கூடையில் போட்டார். என் ஆராய்ச்சியும் அதோடு விழுந்தது.

மேடம் எழுந்து வந்து கூடைக்குள் கைவிட்டார். "தொறந்துராதீங்க. இத்தினியூண்டு புரதம் காஞ்சா கண்ணுக்குத் தெரியாதுங்க, மூடியில ஒட்டியிருக்கும். நானே முன்னால ஒண்ணைக் காலின்னு கழுவி ஊத்தியிருக்கேன்."

நான் இடத்தைவிட்டு அசையவில்லை.

"எம்மேல கோவம்னா கோவமாவே இருங்க சார். புரதம் உங்களை என்னங்க பண்ணுச்சு?"

மூடியில் ஒட்டியது அடியில் வந்து சேர, குப்பியை சென்ட்ரிஃபியூஜில் சுற்றினார். பிறகு திறந்து, சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டார். அதில் ஒரு துளியைச் சோதனைக் குழாயில் இட்டோம். நொதி உயிரோடிருந்தால் மஞ்சள் நிறம் வரவேண்டும். மூவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் வந்தது. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

இலைச்சாறு மனித நொதியையும் அடக்கியது. பன்றி நொதியை அடக்கிய அளவுக்கு இல்லை. அது போதும், புராஜெக்ட் பிழைத்தது.

மேடம் ஓய்வுபெற்ற அன்று என் மேசைக்கு வந்தார். "கோவம் போச்சுங்களா சார்?"

"இல்லீங்க மேடம்."

"சரிதானுங்க. நாளைக்குக் கரைசலை மட்டும் புதுசாக் கலக்கிருங்க, நொம்பப் பழசாயிருச்சு."

வேலை மாறி மலையிறங்கியபோது அந்த மேசையிலிருந்து நான் எடுத்து வந்தது அந்தக் குப்பியை மட்டும்தான். இப்போது அது உண்மையிலேயே காலி. என் வீட்டில் யாரும் அதைக் குப்பையில் போட நான் விடுவதில்லை.