காணாமல் போன தோடு

நேற்று குளியலறையில் ஓடு பதிக்க வந்தவர் வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்தபோது எழுந்த ஈர வாசனை, இப்போது சுவடே இல்லாமல் போய்விட்ட விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அம்மா அங்கே அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றுவாள். பள்ளி விட்டதும் நான், புருவம்வரை வெள்ளைத் தூசி படிந்த பெண்களின் பேச்சுக்கும் இன்னும் கண் வரையாத பொம்மைகளின் வரிசைக்கும் நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஒருநாள் அம்மாவின் ஒரு காதில் தோடு இல்லை. தரையைப் பெருக்கினோம், மிச்சக் கூழை வடிகட்டினோம், கிடைக்கவில்லை. அப்படியானால் அது ஏதோ ஒரு பொம்மைக்குள்தான் இருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ண வேணா ஒடச்சுப் பாரும்மா, மத்ததெல்லாம் ஆர்டர் மாலு," என்றார், கொட்டகையிலேயே செல்போன் வைத்திருந்த ஒரே ஆளான முதலாளி.

நான் யோசித்தேன். "மத்தியானம் சாப்புடும்போது தோடு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சே, திருகாணிய இறுக்குனேன்."

எனவே காலையில் வார்த்த கிளிகளுக்குள் இருக்காது. டீ குடிக்கும்போது அம்மாவின் காது வெறுமையாக இருந்ததைப் பக்கத்தில் வேலை செய்த செல்வி அக்கா பார்த்திருந்தாள்; அதற்குப் பிறகு வார்த்த பிள்ளையார்களுக்குள்ளும் இருக்காது. மிச்சம், இடையில் வார்த்த யானைகள். யானை அச்சைக் கவிழ்த்து வைத்து, வயிற்று ஓட்டை வழியாகத்தான் கூழ் ஊற்றுவார்கள்; அச்சில் ஒட்டிப் படிந்தது போக மிச்சத்தை வடித்துவிடுவதால் பொம்மை உள்ளே கூடாக இருக்கும். உள்ளே விழுந்தது அடியில், அதாவது யானையின் முதுகில், தங்கியிருக்கும். உடைக்கவே வேண்டாம்! ஈரம் காயாத யானைகளின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றாக விரலை விட்டு முதுகைத் தடவினேன். ஒன்றில் நெருடியது.

அம்மா தோட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, முதலாளியின் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"ஒண்ணுகூட ஒடைக்கலங்க. எம்பொண்ணு கண்டுபுடிச்சிட்டா."