தங்கை எண்ணிக் கொடுத்த கூலி

லாரியில் ஆப்பைத் தட்டி மரம் இறக்கும் ஆப்புக்காரனுக்கு என் மர மில் ஆறு வாரக் கூலி பாக்கி வைத்திருந்தது. நான் அமுக்கி வைத்த பணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக் கூரையை மாற்றணும், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று அவனே என் தங்கையிடம் விட்டு வைத்தது.

தங்கை போய்ச் சேர்ந்த பிறகு, அவளைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரச் சொல்லி எங்கள் திருச்சபையில் கேட்டார்கள். பத்து வரியில் அடங்குகிற ஆளா நான்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தோளில் பலகை சுமந்து, இன்று மூன்று மில்லுக்கு முதலாளி. ஆனால் அந்த மூன்று மில்லையும் ஒரு தட்டில் வைத்து அவளை மறு தட்டில் வைத்தால், தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று எனக்குத் தெரியும்.

புருஷனைப் பறிகொடுத்து, கைப்பிள்ளையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றவள். மில்லில் சனிக்கிழமை கூலி கொடுக்கும் ஜன்னலை அவளிடம் ஒப்படைத்தேன். அவள் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. யார் வீட்டில் காய்ச்சல், யார் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாள் என்று கேட்டுக்கொண்டே பணம் கொடுப்பாள். ஒரு முறை ரம்ப வாளின் பல் உடைந்ததற்கு ஒருவன் கூலியில் நான் பிடித்தம் போட்டேன். நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

"அண்ணே, பல்லு விழுந்தது வாளுக்கு. நீங்க வயித்துல அடிக்கிறது இவனையா?"

அன்றோடு என் மில்லில் அபராதம் ஒழிந்தது. நான்தான் ஒழித்தேன் என்று ஊரில் பேர். இருக்கட்டும்.

ஆட்களும் அவளைக் கேலி செய்வார்கள். "அம்மா கையால வாங்கின காசு சாராயக் கடைக்கு நடக்க மாட்டேங்குது. பாதி வழியில வீட்டுப் பக்கம் திரும்பிக்குது" என்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவள் பிள்ளை, என் மருமகன், வளர்ந்து மர முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அடியிலிருந்து வந்தவன், அவனும் அப்படியே வரட்டும் என்றேன்.

லாரியில் வரும் மரங்கள் உருண்டுவிடாமல் இருக்க, அடிமரத்துக்குக் கீழே ஆப்பு வைத்திருப்பார்கள். அந்த ஆப்பைச் சம்மட்டியால் தட்டி எடுத்தால் மரங்கள் லாரியிலிருந்து தரைக்குச் சாய்த்து வைத்த சரிவுக்கட்டை வழியே உருண்டு முற்றத்தில் விழும். தட்டுகிற ஆப்புக்காரன் லாரியின் மறுபக்கம் நிற்பதால், கீழே ஆள் இருப்பது தெரியாது. அதற்காக எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே போகிறவன் தன் துண்டை, ஆப்புக்காரன் கண்ணில் படும் ஒரு கம்பத்தில் போட்டுவிட்டுப் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். கம்பத்தில் துண்டு இருந்தால் ஆப்பில் கை வைக்கக் கூடாது.

அன்றைக்குத் தூறல். சரிவுக்கட்டையை நேராக்கக் கீழே போன மருமகன், துண்டைக் கம்பத்தில் போடாமல் தலையில் கட்டிக்கொண்டுவிட்டான். ஆப்புக்காரன் கம்பத்தைப் பார்த்தான். வெறும் கம்பம். சத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். மழை வலுப்பதற்குள் இறக்கிவிடும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. தட்டிவிட்டான்.

எடுக்கும்போதே உயிர் இல்லை.

அடக்கத்துக்கு ஆப்புக்காரன் உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், நனைந்துகொண்டு நின்றான். விபத்து என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். நான் முடிக்கவில்லை. அவனை வேலையை விட்டு நிறுத்தினேன், வேறு எந்த மில்லும் அவனைச் சேர்க்காதபடி பார்த்துக்கொண்டேன். என் வாக்குக்கு அவ்வளவு மரியாதை உண்டு. ஆறு வாரப் பாக்கியில் ஒரு காசும் கிடையாது என்றேன். கேட்க அவனும் வரவில்லை.

தங்கை பல வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள், கறுத்துச் சுருங்கின முகத்தோடு என் அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, ஆப்புக்காரர் பாக்கியை எடுத்துக் குடுங்க, நானே போய்க் குடுத்துட்டு வரேன். அவர் சம்சாரம் வீடு வீடாப் பாத்திரம் தேய்க்குதாம்."

"பைத்தியமா உனக்கு? உன் பிள்ளையை வாரிக்கிட்டுப் போனவன்!"

"என் பிள்ளை இருக்கும்போது செஞ்ச வேலைக்குக் கூலி அது."

"அப்ப அவனை மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"மன்னிக்கலைன்னா எதுக்கும்மா போற?"

"ஜெபம் பண்றேன் அண்ணே. எங்களை மன்னியும்னு கேக்கறதுக்கு முன்னாடி, நாங்களும் மன்னிக்கிறோம்னு சொல்லணுமில்ல? அந்த இடம் வந்தா வாய் அடைச்சிக்குது. எழுந்துடறேன். பிள்ளையும் போயிட்டான், ஜெபமும் போயிட்டா நான் எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறது?"

நான் பணப்பெட்டிச் சாவியை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"மனசு வரட்டும்னு காத்திருந்து பாத்தேன். வரல. கை முன்னால போகட்டும். மனசு பின்னாலயே வந்து சேரட்டும்."

நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன். ஆனாலும் பெட்டியைத் திறந்தேன். அவளைத் தனியே அனுப்பவும் மனமில்லை, என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரே அறை வீடு. ஒழுகும் இடத்தில் வாளி. சுவரோரம் மடித்த பாய், அதன்மேல் ஆப்புக்காரன் குந்தியிருந்தான். எங்களைக் கண்டதும் சுவரோடு ஒண்டிக்கொண்டான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பிள்ளை முகத்தைப் பாக்கலம்மா. கம்பத்தைத்தான் பாத்தேன்" என்றான். நலம் கேட்கவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அத்தனை நாளும் அதை மட்டும் வாயில் வைத்திருந்தவன் போல அதைத்தான் சொன்னான்.

"தெரியும்."

"இந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கணும்மா."

"வெட்டிட்டா கூலியை எதுல வாங்குவீங்க? நீட்டுங்க."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி. "வேணாம்மா. இந்தக் காசு எங்களுக்கு செரிக்காது."

"உங்க வேர்வை. எங்க வீட்டுல இருந்தாத்தான் செரிக்காது."

அவன் கையை வெளியே எடுக்கவில்லை. போகலாம் வா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆப்புக்காரரே, எனக்காக நீட்டுங்க. நான் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணணும்."

அவன் வலது கை மெல்ல வெளியே வந்தது. விரல்கள் மூடியிருந்தன. பிறகு விரிந்தன. சம்மட்டிக் காய்ப்பு ஏறின உள்ளங்கை.

தங்கை முதல் நோட்டை வைத்தாள். "ஒண்ணு" என்றாள். அடுத்ததை வைத்தாள். பாதியில் கண் நிறைந்து எண்ணிக்கை தவறியது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, முதலிலிருந்து, குரல் உடைய உடைய, ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் எண்ணி வைத்து முடித்தாள்.